போலி மருந்தும் பில் புத்தகமும்

டை எத்திலீன் கிளைக்கால். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திருப்பூர் பக்கம் சாயப்பட்டறையிலோ பிரிண்டிங் யூனிட்டிலோ வேலை பார்த்தவர்களுக்கு கிளைக்கால் என்ற சொல் எப்போதாவது காதில் விழுந்திருக்கும். சாயம் கரைக்க, பிரிண்டிங் பேஸ்ட் சீக்கிரம் காய்ந்துவிடாமல் வைத்திருக்க, மையில், பிரேக் ஆயிலில் என்று பல தொழில்களில் பயன்படும் ரசாயனம் இது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பார்வைக்கு கிளிசரின் மாதிரியே கொழகொழவென்று இருக்கும். கொஞ்சம் இனிக்கவும் செய்யும். ஆனால் மருந்தோடு உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும்.

கிளிசரினை விட விலை குறைவு. அதுதான் பிரச்சினையே!

போலி மருந்து என்றதும் ஏதோ இருட்டு குடோனில் சுண்ணாம்புப் பொடியை மாத்திரையாக அழுத்தி விற்கும் கும்பல்தான் நம் நினைவுக்கு வரும். சினிமா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் மருந்து கொன்ற வரலாற்றைப் புரட்டினால், அதில் பெரும்பகுதி இருட்டு குடோனில் நடக்கவில்லை. லைசன்ஸ் உள்ள கம்பெனி, அச்சடித்த லேபிள், முறையான டெண்டர், ஆஸ்பத்திரி முத்திரை எல்லாம் இருந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. அந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்பவர் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர், அதாவது பார்மசிஸ்ட். அவருக்கு அடுத்து நோயாளிதான்.

கதை 1937ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. டென்னசி மாநிலத்தில் மாசென்கில் என்ற கம்பெனி சல்பானிலமைடு என்ற மருந்தைத் திரவமாக விற்க ஆசைப்பட்டது. எதில் கரைப்பது? டை எத்திலீன் கிளைக்காலில் நன்றாகக் கரைந்தது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்கச் சொல்லி அப்போது சட்டமும் இல்லை. 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பல குழந்தைகள். இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனி மீது போட முடிந்த வழக்கு 'தவறான பெயர்' வழக்கு மட்டும்தான். 'எலிக்சிர்' என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டுமாம், இதில் இல்லையாம்! அடுத்த வருடமே, 1938ல், அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் கொண்டு வந்தது.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. தயாரான 240 காலன் மருந்தில் 234 காலனை அதிகாரிகள் திரும்பப் பிடித்துவிட்டார்கள். எப்படி? கம்பெனி விற்ற பில், மொத்த வியாபாரியின் பில், கடைக்காரரின் சீட்டு, டாக்டர் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். விஞ்ஞானம் கோட்டை விட்ட இடத்தில் கணக்குப் புத்தகம் பல உயிர்களைக் காப்பாற்றியது. காமர்ஸ் படிப்பவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

இங்கே இந்தியாவில் அப்போது என்ன நிலைமை? மலேரியாவுக்கு கொய்னா மருந்து உயிர்நாடியாக இருந்த காலம். நீலகிரியில் நடுவட்டம் பக்கம் அரசாங்கமே சின்கோனா மரம் வளர்த்து கொய்னா எடுத்தது. ஆனால் சந்தையில் கிடைத்த கொய்னாவில் கலப்படம் என்ற புகார் ஓயவில்லை. 1930ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். 1931ல் அறிக்கை வந்தது. அதில் சொன்ன சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 1940ல்! அதற்கான விதிகள் 1945ல். மருந்தாளுநர் என்றால் யார், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்லும் பார்மசி சட்டம் 1948ல். இந்த மூன்றும் சேர்ந்துதான், பல திருத்தங்களோடு, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் வண்டி.

1982ல் வந்த திருத்தம் முக்கியமானது. தவறான லேபிள், கலப்படம், போலி என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. வேறொரு கம்பெனியின் பெயரைத் திருடிப் போட்டால் அது போலி. உள்ளே நஞ்சு கலந்திருந்தால் கலப்படம். இவை போக, இருக்க வேண்டிய அளவு மருந்து இல்லாத 'தரமற்ற' சரக்கு என்று இன்னொன்றும் உண்டு. பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் 'போலி மருந்து' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். நோயாளிக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் தடுக்க நினைப்பவருக்கு ஒன்றில்லை. போலியைக் கண்ணால் பிடிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. மற்றவற்றைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

இதற்கு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையை விடச் சரியான உதாரணம் இல்லை. 1986ன் தொடக்கம். மூளையில், கண்ணில் அழுத்தம் குறைய நோயாளிகளுக்கு கிளிசரின் குடிக்கக் கொடுப்பது அன்றைய வழக்கம். கொடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து 14 பேர் இறந்தார்கள். பாட்டிலில் இருந்த கிளிசரினில் டை எத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலைக்கான சரக்கு மருந்து பாட்டிலுக்குள் வந்துவிட்டது. நீதிபதி லென்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அது தோண்டத் தோண்ட, தப்பு செய்த ஒரு வியாபாரியோடு கதை நிற்கவில்லை. மருந்து வாங்கும் பிரிவு, சப்ளை செய்ய அனுமதி கிடைத்த விதம், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், அமைச்சர் அலுவலகம் வரை போனது. கடைசியில் மகாராஷ்டிரா சுகாதார அமைச்சரே பதவி விலக வேண்டியதாயிற்று.

அந்த 14 பேருக்கும் மருந்து கொடுத்த நர்ஸ், டாக்டர், ஸ்டோரில் இருந்த ஊழியர் யாருமே பாட்டிலைப் பார்த்து எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. சரக்கு ஸ்டோருக்குள் நுழையும் முன் 'இது யாரிடமிருந்து வந்தது, யார் சோதித்தார்கள்' என்று ஒருவர் கேட்டிருந்தால் மட்டுமே தடுத்திருக்கலாம். கேட்பது யாருடைய வேலை என்பதே அங்கே தெளிவாக இல்லை.

பம்பாய்க்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், இதே ரசாயனத்தால் நம் சென்னையிலும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அது இன்று பலருக்கு நினைவில்லை.

சரி, தமிழ்நாடு என்ன செய்தது? இங்கேதான் கொஞ்சம் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. 1990களின் தொடக்கம் வரை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது பல கைகளில் சிதறிக் கிடந்தது. ஒரே மருந்து வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விலை. ஒரு ஆஸ்பத்திரியில் குவிந்து கிடக்கும், இன்னொன்றில் சொட்டு கூட இருக்காது. கொள்முதல் ஊழல் புகார்கள் வேறு. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகவே பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் சப்ளை தொடங்கியது.

இதே 1994ல் திருப்பூரிலும் ஒரு பூகம்பம் வந்தது. ஜெர்மனி சில வகை அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. அதுவரை சாயம் பளிச்சென்று இருந்தால் போதும் என்றிருந்த ஊர், 'லேப் ரிப்போர்ட் எங்கே?' என்ற கேள்வியைச் சந்தித்தது. பையர் யாரையும் நம்புவதில்லை. லாட்டில் மாதிரி எடு, வெளி லேபுக்கு அனுப்பு, ரிப்போர்ட் வந்தால்தான் கப்பல் ஏறும். இன்று திருப்பூரில் ஒரு சாதாரண செக்கிங் மாஸ்டரைக் கேட்டாலும், எத்தனை பீஸுக்கு எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தூக்கத்தில் கூடச் சொல்வார்.

மருத்துவப் பணிகள் கழகம் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் எந்த மருந்து வாங்கலாம் என்று ஒரு பட்டியல். பிறகு திறந்த டெண்டர், அதிலும் இரண்டு கவர். கம்பெனிக்குத் தகுதி இருக்கிறதா என்பது ஒரு கவரில், விலை இன்னொன்றில். தகுதியில் தேறாதவரின் விலைக் கவரைத் திறப்பதே இல்லை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது. தனியாக வைக்கப்படும். ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். எந்தக் கம்பெனி சரக்கைச் சோதிக்கிறோம் என்று லேபுக்கே தெரியாது! தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். திரும்பத் திரும்பத் தோற்றால் கறுப்புப் பட்டியல். ஸ்ட்ரிப்பிலேயே தமிழ்நாடு அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல என்று அச்சு. அரசு மாத்திரையைத் திருடி வெளியே விற்பதும், வெளி மாத்திரையை உள்ளே நுழைப்பதும் இதனால் கஷ்டமாகிப் போனது.

இதில் ரொம்ப அழகான விஷயம் பாஸ்புக். பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒன்று. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வரவு வைப்பார்கள். கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அந்தத் தொகை கழியும். ஆஸ்பத்திரிக்குக் கையில் பணம் வராது, மருந்து வரும். பணம் கைக்கு வராதபோது கமிஷனும் வராது அல்லவா? பெரிய மேலாண்மைத் தத்துவம் எல்லாம் இல்லை, நம் பாட்டி மளிகைக் கடையில் வைத்திருந்த பற்று நோட்டு மாதிரிதான். பின்னாளில் கேரளா 2007லும், ராஜஸ்தான் 2011லும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மத்திய அரசு 2014-16ல் நாடு முழுக்க 47,012 மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. அதில் போலி என்று உறுதியானவை வெறும் 13. 'அப்பாடா' என்று பெருமூச்சு விடாதீர்கள். தரமற்றவை 3.16 சதவீதம். இன்னும் உள்ளே போனால், சில்லறைக் கடைகளில் எடுத்த மாதிரிகளில் சுமார் 3 சதவீதம்தான் தரமற்றவை, அரசுத் தரப்பில் எடுத்தவற்றில் 10.02 சதவீதம்! இது இந்தியா முழுமைக்குமான கணக்கு, தமிழ்நாட்டுக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் குறைந்த விலை டெண்டருக்குக் கொடுக்கும் விலை என்ன என்று இது யோசிக்க வைக்கிறது. நாள்தோறும் பஞ்சு விலை, நூல் விலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். நூல் விலைக்கும் கீழே ஒருவன் பனியன் கொடுக்கிறான் என்றால் எங்கோ கை வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

திருப்பூருக்கு வருவோம். அரசு மருத்துவமனை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துவிட்டது. அங்கே கழகத்தின் சரக்கு வரும். ஆனால் ஊரில் பனியன் கம்பெனித் தொழிலாளிகள் அவசரத்துக்குப் போவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் ஒரு பையன் ஸ்ட்ரிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கப் போவதில்லை. அங்கே பேட்ச் சோதனை கிடையாது, பாஸ்புக் கிடையாது. மருந்தாளுநர் ஒருவர்தான்.

அவர் என்ன செய்ய முடியும்? நிறையவே. விற்க வருபவரிடம் 20பி, 21பி லைசன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மொத்த விற்பனைக்கான லைசன்ஸ் அவை. அந்தக் கம்பெனியின் சரக்கை விற்க அவர் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டாக்கிஸ்ட் தானா என்று கம்பெனியிடமே ஒரு போன் போட்டுக் கேட்கலாம். பில்லில் இருக்கும் பேட்ச் நம்பரும் பெட்டியில் இருக்கும் பேட்ச் நம்பரும் உள்ளே ஸ்ட்ரிப்பில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்ப்பது அடுத்தது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, கவுண்டரில் இருபது பேர் நிற்க, முப்பது பெட்டி வந்து இறங்கும்போது செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் வந்த சரக்கை உடனே அலமாரியில் அடுக்காமல், ஒரு மூலையில் தனியாக வைத்து மறுநாள் காலை பொறுமையாகப் பார்ப்பது என்ற பழக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிகள் தப்பிக்கின்றன. விலை வழக்கத்தை விட ரொம்பக் குறைந்தால் சந்தேகம் வர வேண்டும், சந்தோஷம் வரக்கூடாது.

2023 ஆகஸ்டிலிருந்து 300 முன்னணி பிராண்டு மருந்துகளில் கியூஆர் கோடு கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் காதர்பேட்டையில் ஒரு சுற்று சுற்றி வந்தவர்களிடம் லேபிளை நம்பச் சொல்லாதீர்கள்! உலகத்தின் எந்த பிராண்டு லேபிளையும் தைத்துக் கொடுக்க முடியும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

காதர்பேட்டை என்றதும் இன்னொன்று. எக்ஸ்போர்ட் ஆர்டர் முடிந்ததும் மிச்சமான லேபிள்களைக் கம்பெனிகள் எண்ணி அழிக்க வேண்டும் என்று பையர் கேட்பதுண்டு. ஏன்? அசல் லேபிள் வெளியே போனால் அதில் எந்தத் துணியையும் தொங்கவிடலாம். மருந்திலும் இதே கதைதான். 2010 மார்ச்சில் சென்னையே அதிர்ந்தது. காலாவதியான மருந்துகளைக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வரை போய்ப் பொறுக்கி எடுத்து, பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி போட்டு மறுபடி கடைக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உள்ளே இருந்த மருந்து ஒரு காலத்தில் அசல். அட்டை அசல். தேதி மட்டும் பொய்.

2024 மார்ச்சில் டெல்லியில் நடந்தது இன்னும் மோசம். புற்றுநோய்க்கான விலை உயர்ந்த ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, அதில் பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி லட்சக்கணக்கில் விற்றார்கள். காலிக் குப்பிகள் எங்கிருந்து வந்தன? ஆஸ்பத்திரியிலிருந்துதான். மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவர்களும் கைதானவர்களில் இருந்தார்கள். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை. குப்பி அசல், லேபிள் அசல், மருந்து மட்டும் பொய். இந்த இரண்டு சம்பவமும் சொல்வது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்குள் வருவதைப் பார்த்தால் மட்டும் போதாது, வெளியே போவதையும் எண்ண வேண்டும். காலாவதியான ஸ்ட்ரிப்பை வெட்டிப் போடுவது, காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்து உடைப்பது, எத்தனை ஊசி போட்டோம், எத்தனை குப்பி அழித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது... கூட்டிப் பெருக்குகிற வேலை மாதிரிதான் தெரியும். அதைச் செய்யாத இடத்தில்தான் டெல்லி நடந்தது. 2008 திருத்தம் உயிரைப் பறிக்கும் போலி மருந்துக்குப் பத்து வருடம் முதல் ஆயுள் வரை சிறை என்று கடுமையாக்கியது. ஆனாலும் ஒரு குப்பியில் லட்சம் ரூபாய் என்றால் துணிபவர்கள் துணிகிறார்கள்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன அதே கிளைக்கால். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சளி, இருமலுக்கு சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்க ஆரம்பித்தார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது எங்கே? நம் காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. அக்டோபர் 1ம் தேதி தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆயுத பூஜை விடுமுறை என்று பார்க்காமல், ஆலைக்குப் போய் மாதிரி எடுத்துச் சென்னை ஆய்வகத்தில் உடனே சோதித்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம்! இருக்கலாம் என்று விட்டுவைக்கும் அளவு 0.1 சதவீதம்தான். அந்த ஆலையின் லைசன்ஸ் பிறகு ரத்தானது.

ஒரே துறை, இரண்டு முகம். விடுமுறையில் ஓடிப்போய் ஒரு நாளில் முடிவு சொன்னதும் அதே துறைதான். முந்தைய வருடங்களில் அந்த ஆலைக்குள் போய்ப் பார்க்காததற்காக அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் ஆனதும் அதே துறையில்தான். ஆய்வில் வெளிவந்த குறைகளில் ஒன்று இன்னும் உறுத்துகிறது: சிரப் கரைக்க வாங்கிய புரோப்பிலீன் கிளைக்காலுக்குப் பில் இல்லை. எங்கிருந்து வந்தது, எந்தத் தரம், யார் சோதித்தது, எதற்கும் காகிதம் இல்லை. பம்பாய்க்குப் பிறகு 39 வருடம் ஓடிவிட்டது.

கோல்ட்ரிஃப் சட்டத்தின் கணக்கில் 'போலி' அல்ல. பாட்டில் அவர்களுடையது, லேபிள் அவர்களுடையது, லைசன்ஸ் உண்டு. கியூஆர் கோடு போட்டு ஸ்கேன் செய்திருந்தாலும் 'அசல்' என்றுதான் காட்டியிருக்கும். அப்படியானால் மருந்தாளுநர் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. சிரப் வாங்கும்போது அந்த பேட்சின் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கலாம், அதில் டை எத்திலீன் கிளைக்கால் சோதனை இருக்கிறதா என்று பார்க்கலாம். தராத கம்பெனியின் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுத்த மருந்தின் பேட்ச் நம்பரைப் பில்லில் எழுதினால், எங்கோ ஒரு மாநிலத்தில் எச்சரிக்கை வந்த அன்றே யார் வீட்டில் அந்த பாட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1937ல் 234 காலனைத் திரும்பப் பிடித்தது இப்படித்தான். ஒரே வார்டில் ஒரே மருந்து குடித்த இரண்டு பேருக்குச் சிறுநீர் நின்றுபோனால் அதை முதலில் கவனிக்கக்கூடியவரும் அவர்தான், அவர் கையில்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மருந்துச் சட்டத்தின் 26வது பிரிவின்படி, மருந்து வாங்கிய யாரும், நோயாளியே கூட, கட்டணம் கட்டி அதை அரசு ஆய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். எழுத்துப்பூர்வமாக ரிப்போர்ட் கிடைக்கும். இதற்கு மருந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், பில்லையும் வைத்திருக்க வேண்டும்.